ஒதுக்கிய மரங்கள்

ஜூன் 9, திங்கள்

மூன்றாவது லோடு மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நிற்கும்வரை எழுதலாம்.

ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸ் இன்றைக்கும் படுக்கை விரிப்புகளைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்துக் காட்டினார். நான் என்ன குருடியா? மஞ்சள் பூத்திருப்பது எனக்கே தெரிகிறது. சோப்பை மாற்றச் சொல்கிறார். தண்ணீரே டீ மாதிரி வந்தால் சோப்பு என்ன செய்யும்? மேற்குச் சரிவில் மரம் வெட்ட ஆரம்பித்ததிலிருந்து ஒரு தூறல் போட்டால் போதும், ஓடை கலங்கிவிடுகிறது. எங்கள் லாண்டரிக்கும் அந்த ஓடைதான், ஊர் குடிப்பதும் அதே ஓடைதான். கிழக்கே ஓடையை ஒட்டின காடு மட்டும் மிச்சம் இருக்கிறது. அதற்கும் காண்ட்ராக்டர் பர்மிட் வாங்கிவிட்டானாம். அதுவும் போனால் லாண்டரி என்ற போர்டைக் கழற்றிவிட்டு சேற்றுக் குளியல் என்று மாட்டவேண்டியதுதான்.

இதைச் சொன்னபோது இவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்கும் பணக்காரர்கள் வருவார்கள் முதலாளியம்மா என்றார். கட்டிய நாளிலிருந்து இந்த மனிதருக்கு எல்லாமே விளையாட்டு.

மத்தியானம் தம்பி கடையைத் தாண்டிப் போனான். தோளில் மெஷின் ரம்பம். உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் மரம் அறுக்கிறான். போன மாதம் காட்டைக் காப்பாற்ற ஊரில் சேர்ந்திருக்கிற எங்கள் குழுவின் கூட்டத்தில் நான் எழுந்து, இந்த ரம்பக்காரர்கள் கூலி கிடைத்தால் பெற்ற தாயையும் மொட்டையடிப்பார்கள் என்று பேசிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் வாசலில் நின்றிருக்கிறான், நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா என்று ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். நானா போய்க் காலில் விழ முடியும்?

"ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். அவன் மரத்தை அறுக்கறான், நீ என்னை அறுக்கறே" என்கிறார் இவர்.

மெஷின் நின்றுவிட்டது.

ஜூன் 11

தண்ணீர் தெளிந்தது. வெள்ளை லோடு எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டேன், நாளைக்கு எப்படியோ.

ஜூன் 13, வெள்ளி

ஜெயித்துவிட்டோமா? எழுதிப் பார்த்தால்தான் நம்புவேன் போலிருக்கிறது.

டீச்சர், நான், பிளம்பர் சொட்டு மூன்று பேரும் ரேஞ்சர் ஆபீஸுக்குப் போனோம். சொட்டு சரிசெய்த குழாய் எதுவும் சொட்டாமல் இருந்ததில்லை, அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கிறார். டீச்சர்தான் குழுவை ஆரம்பித்தவர். ரிட்டையராகி இத்தனை வருஷம் ஆகியும் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் பாடம் நடத்தப் போகிறவர் மாதிரிதான் உட்காருவார். எங்கள் சம்மதம் இல்லாமல் ஓடைப் பக்கம் ஒரு மரத்தையும் தொடக்கூடாது, இதுதான் எங்கள் கோரிக்கை. ஏற்கெனவே கேட்டு மூக்கறுபட்டு வந்திருக்கிறோம்.

இன்றைக்கு ரேஞ்சர் டீ வரவழைத்தார். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அந்த ஆபீஸில் தண்ணீர்கூட நாமாகக் கேட்டு வாங்கித்தான் குடிக்கவேண்டும்.

"சரிம்மா, உங்க சம்மதத்தோடயே செய்வோம். ஓடைப் பக்கம் எந்தெந்த மரத்தை ஒதுக்கணும்னு நீங்களே பாத்து வெள்ளை பெயிண்ட்ல குறி போட்டுக் குடுத்துடுங்க. நீங்க போட்ட குறிக்கு மேல ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. அதுக்கு நான் பொறுப்பு."

டீச்சர் விடவில்லை. வாக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். "ஒதுக்கிட்டா ஒதுக்கினதுதான் டீச்சர்" என்றார் ரேஞ்சர்.

வெளியே வந்து படியில் நின்று டீச்சர் அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. எனக்கும் கண் கலங்கியது. சொட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு ஜலதோஷம் என்றார். பொய்.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே குழு முழுக்கக் காட்டுக்குப் போய்விட்டோம். பெயிண்ட் வாளி, பிரஷ், கயிறு, சாப்பாட்டு டப்பா. பள்ளிக்கூடச் சுற்றுலா போகிற குதூகலம். இவர்கூடக் கடையை மூடிவிட்டு வந்தார், அதிசயம்.

ஓடைக்கரையில் கீழிருந்து மேலே ஒவ்வொரு மரமாகப் போனோம். உள்ளே நுழைந்ததுமே தலையில் ஈரத்துணி போட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி. தண்ணீருக்குள் கால் நீட்டிக்கொண்டு நிற்கிற கிழட்டு மரங்கள், வேர் ஒவ்வொன்றும் என் இடுப்புத் தடிமன். கரையைப் பிடித்து நிறுத்துவது இந்த வேர்கள்தான். மேற்குச் சரிவில் அவை இல்லாததால்தான் மண் வழிந்து வருகிறது. அதனால் பெரிய மரங்களாகப் பார்த்து, தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிறவற்றை ஒன்றுவிடாமல் குறி போடவேண்டும் என்று நான்தான் அடித்துப் பேசினேன். சொட்டு இரண்டு மூன்று கிழங்களை விட்டுவிட்டு நகரப் பார்த்தார், முதுகு வலிக்கிறதாம். பிடித்து இழுத்துவந்து போட வைத்தேன். சும்மா ஒரு கோடு இழுத்தால் மழையில் போய்விடும், நாளைக்குத் தெரியவில்லை என்று சாக்குச் சொல்வான்கள் என்று சுற்றிவர வளையமாக, இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். எதிர்க்கரையிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிகிறது.

திரும்பும்போது ஒரு தடவை நின்று பார்த்தேன். வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. என் கையால் காப்பாற்றியது! இத்தனை வருஷம் ஊரார் அழுக்கைத் துவைத்ததில் வராத பெருமை, எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 16

முதுகு போயிற்று. தலைமுடியில் பெயிண்ட். ஒரே நாளில் நரைத்துவிட்டாய் என்கிறார் இவர்.

ஜூன் 20, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

மத்தியானம் பின்வாசல் வழியாகத் தம்பி வந்தான். பழைய மாதிரியே இஸ்திரி மேசை ஓரமாக வந்து உட்கார்ந்து, சாப்பாடு இருக்கா அக்கா என்றான். ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்தேன். இவர் எழுந்து அவன் தோளைத் தட்டிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார், நாங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று. நல்ல மனிதர்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவன், "உன்னைப் பத்திக் கண்டபடி நெனச்சுட்டேன்க்கா. மனசுல வச்சுக்காதே" என்றான். நான்தான் கூட்டத்தில் தப்பாகப் பேசினேன் என்று ஆரம்பித்தேன். அவன் சிரித்தான். "அதெல்லாம் விடு. இப்ப நீயே முன்னால நின்னு எங்களுக்கு ஒதுக்கிக் குடுத்திருக்கியே."

எனக்குப் புரியவில்லை. எதை என்றேன்.

"ஓடைப் பக்கத்து மரத்தைத்தான். மேஸ்திரி கூட்டிட்டுப் போய்க் காமிச்சார். எல்லாம் முதல் தரம்க்கா. யார் பாத்துக் குறி போட்டதுன்னு கேட்டேன், உங்க அக்கா ஆளுங்கதான்னார். இந்த சீசன் முழுக்க எங்களுக்கு வேலை இருக்கு."

"டேய்... அது வெட்டக்கூடாதுன்னு போட்ட குறிடா."

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தான். விளையாடுகிறேனா என்று பார்த்தான். பிறகு மெதுவாக, சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே அந்தக் குரலில் கேட்டான்.

"வெட்டக்கூடாத மரத்துக்கு யாராவது குறி போடுவாங்களாக்கா?"

அவன் மேலும் சாப்பிடவில்லை. நானும் போடவில்லை.

ஜூன் 21, சனி

ரேஞ்சர் ஆபீஸ். இன்றைக்கு டீ இல்லை.

அவர் ஏமாற்றினாரா? தெரியவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே ஆச்சரியப்பட்ட மாதிரிதான் இருந்தது. காண்ட்ராக்டருக்கு இத்தனை மரம் என்று எப்போதோ முடிவாகிவிட்டதாம். எந்த மரம் என்று தேர்ந்தெடுக்கிற உரிமையையாவது ஊர்க்காரர்களுக்கு வாங்கிக் கொடுப்போமே என்று மேலதிகாரிகளிடம் பேசினாராம். பெரிய மரமாக, தண்ணீரோரமாகவே பார்த்துக் கொடுத்திருக்கிறீர்களே, அவரும் மலைத்துப்போனாராம்.

"ஒதுக்கறதுன்னா யாருக்காவது ஒதுக்கறதுதானேம்மா? யாருக்குன்னு அன்னிக்கு ஒருத்தர்கூட கேக்கலையே?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. உத்தரவு போய்விட்டது, இனி தன் கையில் இல்லை என்றார்.

எங்கள் கடையில் ஒதுக்கி வை என்றால் மெஷினில் போடாதே என்று அர்த்தம். சாயம் போகிற துணி, கிழிகிற மாதிரி இருக்கிற துணி, அதையெல்லாம் தனியாக ஒதுக்கி வைப்போம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிற வார்த்தை! அந்தக் காதோடுதான் போய் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆனால் வீடு ஒதுக்கினார்கள், நிலம் ஒதுக்கினார்கள், நிதி ஒதுக்கினார்கள் என்று பேப்பரிலும் தினம் படிக்கிறேனே. தெரியாத வார்த்தையா? என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். தலையில் என்ன, ஓடையில்.

தம்பியோடு பேச்சுவார்த்தை இருந்திருந்தால் குறி போடுவதற்கு முந்தின நாளே சொல்லியிருப்பான். இதுவும் என் வாயால் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போனோம், டீச்சரும் நானும் இவரும். மற்றவர்களுக்குத் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது.

பெயிண்ட் போகவில்லை. இரண்டு கோட் ஆயிற்றே. தேய்க்கத் தேய்க்க மேல்பட்டை உரிந்து, முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. போதாததற்கு வளையத்துக்குக் கீழே ஒவ்வொரு மரத்திலும் காண்ட்ராக்டரின் இரும்பு முத்திரையை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டீச்சர் அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு பிரஷ்ஷைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தேன். இவர் வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

இன்றைக்கு ஆரம்பித்தார்கள்.

முதல் மரத்தின் முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் டீச்சர். எதிரே ரம்பத்தோடு வந்து நின்றது யார் என்று எழுத வேண்டுமா? மேஸ்திரி வேண்டுமென்றே அவனை முன்னால் அனுப்பியிருப்பான்.

தம்பி ரம்பத்தை நிறுத்தினான். "நகருக்கா. நான் வெட்டலைன்னா இன்னொருத்தன் வெட்டுவான். அவனுக்கு சாய்க்கத் தெரியாது, ஓடைக்குள்ளயே போட்டுடுவான்" என்றான். கெஞ்சினான் என்றுதான் சொல்லவேண்டும். முடியாது என்றேன். பெரிய வீராங்கனை. அவன் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு ஒரு கல்மேல் போய் உட்கார்ந்துகொண்டான். மேஸ்திரி வாய் கூசாமல் திட்டினான், குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். தம்பி தலையைக் குனிந்தபடி இருந்தான்.

பிறகு இரண்டு பெண் போலீஸ் வந்து எங்களை அழைத்துப் போனார்கள். மரியாதையாகத்தான். ஒருத்தி நம் கடையில் யூனிபார்ம் துவைக்கப் போடுகிறவள், கஞ்சி அளவாகப் போடுங்கள் என்று எப்போதும் சொல்வாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பாத்து வாங்கம்மா, வழுக்கும் என்றாள்.

திருப்பத்துக்கு வருவதற்குள் சத்தம் கேட்டது. வேறு ஒருத்தன்தான் அறுத்தான். தம்பி சொன்ன மாதிரியே மரம் ஓடைக்குள் குறுக்கே விழுந்து கரையைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. நான் நகர்ந்திருந்தால்?

ஜூன் 26

தம்பி இன்றைக்கு வேலைக்குப் போய்விட்டான். வேறென்ன செய்வான்?

ஜூன் 28

ரம்பச் சத்தம் கடைவரை கேட்கிறது. மெஷினைப் போட்டால் கேட்பதில்லை. காலியாகவே ஒரு லோடு ஓடவிட்டேன்.

ஜூலை 2, புதன்

குழுக் கூட்டம். 

ஒருவரும் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. சொட்டு எழுந்து, "ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். தப்பாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். பெரிய மரமாகப் பார்த்துப் போடச் சொன்னது யார்? வளையமாக அடிக்கச் சொன்னது யார்? இவர்கள் தம்பி ஆட்களுக்குத்தானே சீசன் முழுக்க வேலை? குறி போட்ட அந்த வாரமே தம்பி அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனானாமே?

ஊரே தலையாட்டியது. நானே அவர்கள் இடத்தில் இருந்தாலும் தலையாட்டியிருப்பேன், அத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது. டீச்சர் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நம் எல்லோருக்கும்தான் புரியவில்லை என்றார். குரல் எழவே இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது.

சத்தியம் செய்கிறேன் என்று எழுந்தேன். எதன்மேல் செய்வது என்று தெரியாமல் நின்றேன். அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்மேல அப்படி ஒரு எண்ணமா? அந்த மரத்த வித்து நான் திங்கணுமா? அன்னிக்கு என்கூட சேர்ந்து அழுதியேடா பாவி, ஜலதோஷம்னு சொன்னியே!

ஜூலை 14, திங்கள்

பெருமழை. விடியற்காலை குழாயைத் திறந்தால் களிமண் கரைசல். வடிகட்டியைக் கழற்றிக் கவிழ்த்தேன், மலை பாதி அதில்தான் இருந்தது. ஊர்த் தொட்டியிலும் இதேதானாம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரி நிரம்பி வழிகிறது என்று ஹெட் நர்ஸ் போனில் சொன்னார். அவருக்கு இரண்டு மடங்கு விரிப்பு வேண்டும். இருக்கிற விரிப்பையே என்னால் வெளுக்க முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வெளியூர் லாண்டரிக்குப் போடப் போகிறோம், உங்கள்மேல் குறை இல்லை என்றார். எத்தனை வருஷம்! என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்தக் கடைக்கு வந்த வெள்ளைத் துணி அது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டீச்சர் ஊரைவிட்டு மகன் வீட்டோடு போகிறார். சொல்லிக்கொள்ள வந்தார். அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டேன். பாட்டிலில் வருமாம். இருவருமே சிரித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 19

ஒரு மெஷினை விற்றாயிற்று. மிச்சம் ஒன்றுக்கு லோடு தேடவேண்டும்.

இவர் இருமுகிறார். தண்ணீரைக் காய்ச்சித்தான் தருகிறேன்.

செப்டம்பர் 2

காண்ட்ராக்டர் முகாமிலிருந்து ஆள் வந்தான். அவர்களுடைய காக்கித் துணிகளை வாரம் இரண்டு முறை துவைத்துத் தரமுடியுமா என்று கேட்டான். வாயில் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு சரி என்றேன். கலங்கல் தண்ணீரில் துவைத்தால் அந்தத் துணியில் தெரியவே தெரியாது. பாக்கெட்டெல்லாம் மரத்தூள். மூட்டையை அவிழ்த்ததும் கடை முழுக்க வாசனை. நல்ல வாசனைதான். வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தம்பி வந்தான். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓடை உற்பத்தியாகிற மேல்பள்ளத்தையும் ஏலம் விட்டுவிட்டார்களாம். ஊர்க்காரர்கள் இந்த முறையும் வந்து மரத்தை ஒதுக்கிக் கொடுப்பார்களா என்று ரேஞ்சர் கேட்டனுப்பியிருக்கிறார். வராவிட்டால் மேஸ்திரியே குறி போட்டுக்கொள்வானாம்.

எங்கிருந்து வந்தது அத்தனை ஆத்திரம் என்று தெரியவில்லை. வெளியே போடா என்றேன். அவன் போகவில்லை, அங்கேயே நின்றான். நான் ஓய்ந்த பிறகு இவர்தான் பேசினார்.

"மேஸ்திரி போட்டான்னா ஊத்துக்கண்ணுல இருந்துதான் ஆரம்பிப்பான். அங்கதான் பெருசு பெருசா இருக்கு."

இஸ்திரியை எடுத்துக்கொண்டார்.

குழு என்று ஒன்று இருந்தால்தானே வருவதற்கு? சொட்டு என்னைப் பார்த்தால் தெரு மாறிப் போகிறார். நான் போய்க் குறி போட்டால் ஊரார் சொன்னது நிஜமென்று ஆகிவிடும். போகாவிட்டால் ஊற்றுக்கண் போய்விடும். போனால் மட்டும் விட்டுவிடுவார்களா, அடுத்த வருஷம் மிச்சத்துக்கும் ஏலம் வராதா? வரும். தெரிகிறதே.

செப்டம்பர் 14, ஞாயிறு

போனேன். தம்பிதான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடைத்தெரு வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

மேல்பள்ளத்தில் ஊற்றுக்கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகமுடியுமோ அவ்வளவு தள்ளிப் போனோம், பாறை ஆரம்பிக்கிற இடம்வரை. அங்கே ஒல்லி மரங்கள்தான். இதெல்லாம் மட்டமான மரம், காண்ட்ராக்டர் முணுமுணுப்பான் என்றான் தம்பி. முணுமுணுக்கட்டும்.

முதல் மரத்தின் முன்னால் பிரஷ்ஷோடு வெகுநேரம் நின்றேன். சின்ன மரம். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளும். உச்சியில் ஏதோ பறவை உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. இதற்கு நான் யார்?

"இதை நீ வெட்டுவியா, வேற யாராவதா?" என்று கேட்டேன்.

"நான்தான்க்கா."

"எந்தப் பக்கம் சாய்ப்பே?"

அவன் ஓடைக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான்.

சரி என்றேன். குறி போட்டேன்.